விட்டுப்போன ஒரு வரி: ஆவணப்படம் பார்த்துச் சண்டையிட்ட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் மாடி அறையில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளனின் வழக்கைப் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டீர்கள். 2013இல் வந்த படம். இத்தனை வருடம் கழித்து அதைத் தேடி எடுத்து, இருபது வயதுப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்கு முதலில் நன்றி. கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். படம் முடிந்து நடந்த வாக்குவாதத்தில் நான் வாயே திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, அறை இரண்டாகிவிட்டது. "முன்னாள் பிரதமரையே கொன்ன கேஸு. பெல்ட் பாம் செஞ்சு கொடுத்தவனுக்கு எதுக்குய்யா படம்?" என்று ஒரு பக்கம். "நிரபராதின்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லி விட்டுடுச்சு, இன்னுமா பேசறீங்க?" என்று இன்னொரு பக்கம். 2022 மே மாதம் பார்த்த அதே காட்சிதான். பேரறிவாளன் விடுதலையான அன்று முதலமைச்சர் அவரைக் கட்டியணைத்த படம் எங்கும் வந்தது. மறுநாள் காங்கிரஸ்காரர்கள் வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள். நம் மாடி அறையில் துணி மட்டும்தான் இல்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். அன்று ஸ்ரீபெரும்புதூர் பந்தோபஸ்துக்குப் போய் உடம்பெல்லாம் காயத்தோடு திரும்பிய காவலரின் மகன் என்றார். "எங்கப்பா அதுக்கப்புறம் சரியா நடந்ததே இல்ல. அவரப் பத்தி யாரும் படம் எடுக்கல" என்று மட்டும் சொன்னார். யாரோ ஒருவர் "சார், டைம் ஆச்சு, உக்காருங்க" என்றார். அவரும் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை என்னைக் குத்திய விஷயங்களில் அதுதான் பெரியது.

நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். வட மாவட்டங்களில் நாலைந்து நீதிமன்றங்களில் மாறி மாறி, இருபத்தொன்பது வருடம். கூண்டில் நிற்கிற சாட்சி தன் வாய்மொழியில் சொல்வார், நீதிபதி அதைக் காதில் வாங்கி வாக்கியமாக்கி எனக்குச் சொல்வார், நான் அடிப்பேன். மனிதன் பேசுவது ஒன்று, தாளில் ஏறுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எத்தனை விரற்கடை இடைவெளி இருக்கிறது என்பது எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அதனால்தான் அந்தப் படத்தில் நீங்கள் யாரும் நின்று பேசாத ஒரு இடத்தில் எனக்கு மூச்சு நின்றது.

சிபிஐயில் கண்காணிப்பாளராக இருந்த வி. தியாகராஜன் பேசும் இடத்தைச் சொல்கிறேன். ராஜீவ் வழக்கில் 17 பேர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களையும் பதிவு செய்தவர் அவர்தான். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கி, கொலைத் திட்டத்தை முன்னின்று நடத்திய சிவராசனிடம் கொடுத்ததைப் பேரறிவாளன் ஒப்புக்கொண்டார். ஆனால் அவை எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார். அந்தப் பகுதியைத் தான் எழுதவில்லை என்கிறார் தியாகராஜன். எழுதியிருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே இருந்திருக்காது என்கிறார். பிறகு 2017இல் அதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார்.

ஒரே ஒரு வரி. "எதற்கென்று எனக்குத் தெரியாது." தமிழில் மூன்று சொல்.

என் கைப்பட நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் பாதியில் ஒரு கொலை வழக்கு. சாட்சி ஒரு இளைஞர். எதிரி அவருக்குச் சித்தப்பா மகன் (நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவோம்). கூண்டில் நின்று அவர் சொன்னது இது: "வண்டிச் சாவி கேட்டான், கொடுத்தேன். எங்க போறான்னு நான் கேக்கல." நீதிபதி எனக்குச் சொன்னது: "சம்பவத்தன்று எனது மோட்டார் சைக்கிளின் சாவியை எதிரிக்கு நான் கொடுத்தேன்." அதை அடித்தேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். வெளியே ஏதோ சத்தம், மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, நீதிபதிக்கு இரண்டாவது வாக்கியம் கேட்கவே இல்லையோ என்னவோ. எனக்குக் கேட்டது. கேட்டும் நான் அடிக்கவில்லை, ஏனென்றால் சொல்வதை மட்டும் அடிப்பதுதான் என் வேலை என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். கடைசியில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியபோது அந்த இளைஞர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கூண்டில் ஏறியவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள்.

எதிரி தரப்பு வழக்கறிஞர் ஒரு வயதானவர், அவர்தான் எழுந்தார். "ஐயா, எங்க போறான்னு கேக்கலன்னு சாட்சி சொன்னாரு. அது விட்டுப்போச்சு." நீதிபதி சாட்சியைப் பார்த்தார். "ஆமாங்கய்யா, சொன்னேன்" என்றார் அவர். தாளை என் மிஷினிலிருந்து உருவி, இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு கூரைக்குறி போட்டு, அந்த வாக்கியத்தை நீல மையில் எழுதி, பக்கத்தில் நீதிபதி சுருக்கொப்பம் வைத்தார். கார்பன் நகல்களிலும் அப்படியே. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த நீல மை வரியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தக் கிழவர் எழுந்திருக்காவிட்டால், சாவி கொடுத்த பையன் பிற்பாடு எங்கே நின்றிருப்பான் என்று யோசித்து யோசித்து, அதற்கப்புறம் எனக்குக் கேட்டதும் தாளில் இருப்பதும் வேறாக இருந்தால் மெதுவாகத் தொண்டையைச் செருமப் பழகிக்கொண்டேன்.

தியாகராஜன் எழுதிய அறையில் அந்தக் கிழவர் இல்லை. கேள்வியெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஏன் இல்லை? அந்த அறையில் வழக்கறிஞருக்கு இடம் கொடுக்காத சட்டத்தின் கீழ் அந்த வாக்குமூலம் எழுதப்பட்டது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை யார் மீதும் நிரூபிக்கக் கூடாது என்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அவனுக்கே தன் போலீஸ் மேல் அந்த நம்பிக்கை இல்லை. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது: கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் அது சாட்சியம். அதே சட்டத்தில் போலீஸ் காவல் 60 நாள் வரை போகலாம். பேரறிவாளனை 1991 ஜூன் 11 அன்று சென்னை பெரியார் திடலிலிருந்து விசாரணைக்கு என்று அழைத்துப் போனார்கள். வயது 19. ஒப்புதல் வாக்குமூலம் பதிவானது ஆகஸ்ட் நடுவில். இரண்டு மாதம் போலீஸ் கையில் இருந்த பத்தொன்பது வயதுப் பையன் என்ன சொன்னான் என்பதற்கு, எழுதியவரின் பேனாவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இந்த 15ஆவது பிரிவு செல்லுமா என்று 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது. செல்லும் என்றது. ஆனால் ஐந்து நீதிபதிகளில் இரண்டு பேர், கே. ராமசாமியும் ஆர்.எம். சகாயும், செல்லாது என்று தனியாக எழுதினார்கள். மூன்றுக்கு இரண்டு. ஒரு நீதிபதி இந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் பூந்தமல்லியில் நடந்த ராஜீவ் வழக்கே வேறு வழக்காக ஆகியிருக்கும்.

பூந்தமல்லி தனி நீதிமன்றம் மூடிய கதவுக்குள் 288 அரசுத் தரப்புச் சாட்சிகளை விசாரித்து, 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்றது. இருபத்தாறு பேருக்கும். தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை, நேராக உச்ச நீதிமன்றம்தான். 1999 மே 11 அன்று அங்கே 19 பேர் விடுதலை ஆனார்கள், மூன்று பேருக்கு ஆயுள், நான்கு பேருக்குத் தூக்கு உறுதி. இது தடா சொல்கிற பயங்கரவாதக் குற்றம் அல்ல என்றே நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் தடாவில் வாங்கிய ஒப்புதலை மட்டும் கொலை வழக்குக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சட்டப்படி அதற்கு விளக்கம் இருக்கிறது. எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை.

சரி, இப்போது நீங்கள் கத்திய இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன்.

"பெல்ட் பாம் செய்தவன்" என்று சொன்ன தம்பிக்கு: அப்படி ஒரு குற்றம் அவர் மேல் நிரூபிக்கப்படவில்லை. பேட்டரி வாங்கிக் கொடுத்தார், பொய்யான முகவரியில் மோட்டார் சைக்கிள் வாங்கினார், சிவராசன் கூட்டத்தோடு பழக்கம் இருந்தது, இவை தீர்ப்பில் இருப்பவை. அந்த பெல்ட்டைத் தைத்து வெடிமருந்து வைத்தவர் யார் என்பது நீதிமன்றத்தில் நிறுவப்படவே இல்லை. உங்களுக்குக் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். கோபத்தை ஆள் தெரியாத குற்றத்துக்கு அகப்பட்ட ஆள் மேல் இறக்காதீர்கள்.

"நிரபராதி என்று சொல்லிவிட்டது" என்று சொன்ன தங்கைக்கு: சொல்லவில்லை, அம்மா. 2022 மே 18 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய், போபண்ணா ஆகியோர் முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசமைப்பின் 142ஆவது பிரிவைக் கொண்டு அவரை விடுவித்தார்கள். 2018 செப்டம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தும் ஆளுநர் வருடக்கணக்கில் முடிவெடுக்கவில்லை, கடைசியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைத்தார். அது தவறு என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. 1999இல் உறுதியான குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கிறது. நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கைதட்டிவிட்டுக் கலைந்துபோனால், விட்டுப்போன அந்த வரி விட்டுப்போனதாகவே இருக்கும். இன்றுவரை எந்தத் தீர்ப்பும் அதை மறுபடி நடுவில் கூரைக்குறி போட்டுச் சேர்க்கவில்லை.

இன்னொரு தேதியையும் நீங்கள் மறக்கக் கூடாது. 2011 செப்டம்பர் 9. கருணை மனு பதினொரு வருடம் கிடந்து தள்ளுபடி ஆனபின், பேரறிவாளன் உட்பட மூன்று பேரைத் தூக்கிலிட வேலூர் சிறையில் குறித்த நாள் அது (நான்காமவரின் தூக்கு அதற்கு முன்பே ஆயுளாகக் குறைந்திருந்தது). ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன்னைத் தீயிட்டு மாய்த்துக்கொண்டார். (அப்படி ஒரு சாவை நான் எந்தக் காரணத்துக்காகவும் கொண்டாட மாட்டேன். அந்தப் பிள்ளை உயிரோடு இருந்து நம் மாடி அறைக்கு வந்து பேசியிருக்க வேண்டியவள்.) ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. பத்து நாள் வித்தியாசம். அந்தத் தடை கிடைக்காமல் போயிருந்தால், 2013இல் அதிகாரி மனம் திறந்து சொன்ன வரியைக் கேட்கப் பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் மட்டும்தான் இருந்திருப்பார், மகன் இருந்திருக்க மாட்டார். தூக்குத் தண்டனையைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டு வருட இடைவெளி ஒன்றே போதும். 1999இல் அந்த அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி கே.டி. தாமஸே, இத்தனை வருடம் சிறையில் வைத்துவிட்டுத் தூக்கிலும் போடுவது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்று பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார்.

இனி அந்தப் பின்வரிசைக்காரருக்கு. ஐயா, உங்கள் பெயர்கூட நான் கேட்கவில்லை, மன்னியுங்கள். 1991 மே 21 இரவு பத்தே காலுக்கு மேல் அந்த மைதானத்தில் செத்தவர் ஒருவர் அல்ல. கவிதை படித்துக் காட்ட வந்த ஒரு சிறுமியும் அவளுடைய தாயும் செத்தார்கள். மாவட்டக் கண்காணிப்பாளர் முதல் பெண் காவலர் வரை காக்கிச் சட்டைக்காரர்கள் செத்தார்கள். கட்சிக்காரர்கள் செத்தார்கள். படம் எடுக்க வந்த ஹரிபாபு செத்தார், அவருடைய கேமரா மட்டும் பிழைத்து வழக்குக்கே முதல் சாட்சியானது. அந்தக் குடும்பங்களில் சிலர் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களைத் தமிழினத் துரோகிகள் என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு உடம்பு கூசியது. அப்பனையும் மகளையும் பறிகொடுத்தவர்களுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நாம் யார் சொல்ல?

ஆனால் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஐயா. உங்கள் அப்பாவின் காலை முறித்தவர்கள் யார் என்ற உண்மை முழுதாக உங்களுக்கு வர வேண்டியது. வந்ததா? ஒரு வரியை உருவிவிட்டு மிச்சத்தை உங்கள் கையில் கொடுத்து, இதுதான் நியாயம், வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். ஏமாற்றப்பட்டது சிறையில் இருந்தவர் மட்டுமில்லை, நீங்களும்தான். அதனால்தான் அந்த வரியைப் பற்றிப் பேசுவது உங்கள் அப்பாவுக்கு எதிராகப் பேசுவது ஆகாது என்று நான் நம்புகிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. உங்களைப் பேசவிட்டு நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

தியாகராஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைக்கு இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது. ஒரு பக்கத்துக்கு அவர் பென்ஷன் வாங்கியபின் கட்சி மாறியவர், இன்னொரு பக்கத்துக்கு வாழ்க்கையைப் பாழாக்கியவர். அவர் செய்தது பெரிய தவறு. இருபத்திரண்டு வருடம் பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. ஆனாலும் நான் எழுதாமல் விட்டேன் என்று தன் பெயரோடு, தன் முகத்தோடு சொன்னாரே. என் உத்தியோக காலம் முழுக்க அப்படிச் சொன்ன ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை. அவரைச் சொல்லவிடாமல் அடிக்கிற ஒவ்வொரு வசையும், இன்னும் வாய் திறக்காமல் இருக்கிற மற்றவர்களின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டும்.

இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள், குறிப்பாக அன்று வந்திருந்த சட்டக் கல்லூரிப் பிள்ளைகள். தடா 1995இல் காலாவதியானது. 2002இல் பொடா என்று இன்னொரு பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது, அதன் 32ஆவது பிரிவில் இதே கதவு. அது 2004இல் போனது. திட்டமிட்ட கூட்டுக் குற்றங்களுக்கான மகாராஷ்டிரத்தின் மோக்கா சட்டம் 1999இலிருந்து இருக்கிறது, அதன் 18ஆவது பிரிவு இன்றும் கண்காணிப்பாளரின் பேனாவைச் சாட்சியாக ஏற்கிறது. டெல்லியிலும் அது செல்லும். குஜராத்தில் 2019 டிசம்பர் முதல் அதேபோன்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவு பழைய 25ஐ அப்படியே வைத்திருக்கிறது, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் இன்னொரு பெரிய கொலை, இன்னொரு பெரிய குண்டு, மக்களுக்குக் கோபம் தலைக்கேறிய இன்னொரு வாரம் வந்தால் நம் மாநிலத்திலும் அப்படி ஒரு சட்டம் கேட்பார்கள். அன்றைக்கு எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்ல உங்களில் நாலு பேர் வேண்டும். காவல் நிலையங்களிலும் சிபிஐ, என்ஐஏ அலுவலகங்களிலும் ஒலிப்பதிவோடு கேமரா வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் அது ஓடுகிறதா என்று போய்க் கேளுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், தட்டச்சு செய்து தருகிறேன். விரல் இன்னும் ஓடுகிறது.

அடுத்த மாதம் மறுபடி திரையிடப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படம் முடிந்து விளக்கைப் போடுவதற்கு முன், அந்த அதிகாரி பேசுகிற பகுதியை மட்டும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். பழைய 25ஆவது பிரிவையும் தடாவின் 15ஆவது பிரிவையும் தமிழில் பக்கம் பக்கமாக அடித்து ஐம்பது பிரதி எடுத்து வருகிறேன், எல்லார் கையிலும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் மைக்கை முதலில் பின்வரிசைக்குக் கொண்டுபோங்கள். அந்தக் காவலரின் மகன் வந்திருந்தால் அவர் பேசட்டும். எவ்வளவு நேரமானாலும் யாரும் அவரை உட்காரச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தட்டச்சர்